காசல்ரீயில் தண்ணீரோடு சேர்ந்து இறங்கும் துறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக நீர்த்தேக்கங்களில் படகு ஓட்டுவது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளியான கடிதமொன்றை வாசித்தேன். ட்ரெயிலரில் படகை இழுத்து வந்து ஒருவர் தனியாகத் தண்ணீரில் இறக்குவதும், தனியாகவே மீண்டும் கரையேற்றுவதும் உயிரோடு விளையாடுவதற்குச் சமம் என்றும், துணையாள் இல்லாமல் எவரையும் கரைக்கு விடக்கூடாது என்றும் அந்த அன்பர் கேட்டிருந்தார். அவருடைய அக்கறை மதிக்கத்தக்கது. எனினும், கடந்த ஒன்பது ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் இதே வேலையைத் தனியாகச் செய்து வருபவன் என்ற முறையில், ஆபத்து எங்கே இருக்கிறது என்பதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. அதை விளக்கவும், காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படகு இறக்கும் சாய்தளத் துறை ஒன்று வேண்டும் என்ற வேண்டுகோளை முன்வைக்கவுமே இதை எழுதுகிறேன்.

நான் நோர்வூட்டுக்கு அருகில் வசிக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, நீர்கொழும்புப் பக்கத்தில் பாவித்த 14 அடி பைபர் படகொன்றை அதன் ட்ரெயிலரோடு வாங்கி, 8 குதிரைவலு எஞ்சின் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, காசல்ரீயில் வலை போட்டு வருகிறேன். திலாப்பியாவும் கெண்டையும் கிடைக்கும். வருமானம் பெரிதல்ல, ஆனால் கைச்செலவுக்குப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதில்லை. கடலோரத்தில் இருப்பவர்களைப் போலப் படகைக் கரையிலேயே விட்டுவிட்டு வரலாமே என்று பலர் கேட்கிறார்கள். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடிக்கப்பட்ட காசல்ரீ, மின்சாரத்துக்கான தேக்கம். விமலசுரேந்திர மின் நிலையத்துக்கு இதன் தண்ணீர்தான் சுரங்க வழியாகப் போகிறது. மின்சாரத் தேவைக்கும் மழைக்கும் ஏற்ப நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மாலையில் கரையோரம் கட்டிவிட்டு வந்த படகு, இரவில் பெய்த மழைக்குப் பிறகு காலையில் நடுத்தண்ணீரில் நிற்கும்; வறட்சிக் காலத்தில் ஒரு வாரம் விட்டால் தண்ணீர் எங்கோ போய், படகு சேற்றின் நடுவே தனித்துக் கிடக்கும். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் படகு வீட்டிலிருந்து வர வேண்டும், வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

துணையாள் என்ற யோசனையும் அப்படித்தான். எங்கள் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருந்த வாலிபர்களில் பெரும்பாலானோர் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பனி விலகாத கரைக்கு, கயிறு பிடிப்பதற்கென்று ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து அழைத்துப் போனால் அன்றைய மீன் முழுவதும் அவருக்கே சரியாகிவிடும். தனியாகச் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டால், தனியாகச் செய்பவர்கள் வேறு யாரும் பார்க்காத, இன்னும் மோசமான இடத்தைத் தேடிப் போவார்கள், அவ்வளவுதான்.

தனியாள் படகு இறக்குவதில் பலம் ஒரு பொருட்டே அல்ல. எதை எங்கே நின்று செய்வது என்ற ஒழுங்குதான் முழு வேலையும். சாய்ந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே, மேலே சமதரையில் வண்டியை நிறுத்தி முடிக்க வேண்டியவை பல உண்டு. படகைக் குறுக்கே கட்டியிருக்கும் பட்டிகளை அவிழ்ப்பது, எஞ்சின் தரையில் உரசாதபடி மேலே தூக்கிப் பூட்டுவது, எண்ணெய்க் குழாயைப் பொருத்துவது, உயிர்காப்பு அங்கியை அப்போதே உடலில் அணிந்துகொள்வது, எல்லாவற்றுக்கும் மேலாகப் படகின் பின்புற அடியிலுள்ள தண்ணீர்த் துளைக்குத் தக்கையை இறுக்குவது. தக்கையை மறந்த படகு நீரில் இறங்கியதும் சத்தமில்லாமல் நிறையத் தொடங்கும். கால் நனையும்போதுதான் தெரியவரும். நோர்வூட் பக்கத்து இறக்கங்களில் பிரேக் பிடித்துப் பிடித்து வந்த ட்ரெயிலரின் சில்லுகள் சுடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சூடாக இருக்கும் சில்லுக் குடத்தைக் குளிர்ந்த நீரில் முக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிறீஸ் கெட்டு, ஆறு மாதத்தில் பெயாரிங் தேய்ந்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் போதும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மேற்சொன்ன வேலைகளைச் செய்கிறேன்.

ஆனால் படகை ட்ரெயிலர் மேல் இழுத்துப் பிடிக்கும் கைச்சுற்று உருளையான வின்ச்சின் கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மேலே வைத்துக் கழற்றவே கூடாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத் தூறலில், நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று நினைத்து இரண்டையும் சமதரையிலேயே கழற்றிவிட்டுப் பின்னோக்கி இறங்கினேன். தண்ணீருக்கு இன்னும் பதினைந்து அடி இருக்கும்போது, ஈரமண்ணில் வண்டி வழுக்குவது போலத் தோன்றவே பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, படகு நிற்கவில்லை. உருளைகளின் மேல் எண்ணெய் தடவியது போலப் பின்னால் நழுவி, கருங்கல் பரப்பின் மேல் விழுந்த சத்தம் எதிர்க்கரை மலையில் பட்டுத் திரும்பியது. அடிப்பாகத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த, கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், நிதானமாக நடந்து வந்து பார்த்துவிட்டு, "என்னா தம்பி, சில்லுக்கு கட்டயெல்லாம் எடுத்து வச்சிருக்க, கொக்கிய ஏன் முன்னமே கழட்டுன?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று முதல் நான் கரைக்கு வரும் ஒவ்வொரு காலையிலும், தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது போல, "தக்க? கொக்கி? கட்ட?" என்று அவர் தூரத்திலிருந்தே கேட்கிறார், நானும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்கிறேன். கடிதமெழுதிய அன்பர் கேட்கும் துணை இதுதான் என்றால், எனக்கு ஆட்சேபணையில்லை.

பின்னோக்கி இறக்கும்போது ட்ரெயிலர் நாம் நினைக்கும் திசைக்கு எதிராகப் போவதுதான் புதியவர்களைத் திணறடிக்கிறது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகக் கையை நகர்த்தினால் குழப்பம் தீர்ந்துவிடும். ட்ரெயிலர் குட்டையாக இருந்தால் சட்டென்று மடங்கும்; அதனால் நடக்கிற வேகத்தை விடவும் மெதுவாக இறக்க வேண்டும், மடங்கத் தொடங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் முன்னே எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஹட்டன் பாதையில் லொறி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல.

வண்டியின் பின்சில்லுகள் நீர்க்கோட்டைத் தொட்டதும் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இறங்கியவுடன் முதல் வேலையாகச் சில்லுகளுக்குக் கட்டை போடுகிறேன். இரண்டு கட்டைகளையும் கயிற்றால் வண்டியோடு கட்டி வைத்திருப்பதால், மேலே ஏறும்போது அவை தாமாகவே கூட வந்துவிடும். கட்டையை எடுக்கத் திரும்ப இறங்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகே கொக்கியும் சங்கிலியும். படகின் முன்முனையில் ஒரு நீண்ட கயிறு இருக்கும். படகை விற்றவர் அந்த முனையை அணியம் என்பார். மலையில் பிறந்த எங்களுக்குப் படகின் உறுப்புகளுக்குப் பெயரே இல்லாததால், நானும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டேன். அணியக் கயிற்றின் மறுமுனையை ட்ரெயிலரின் வின்ச் தூணில் கட்டிவிட்டு, கட்டைகளைச் சில்லுகளிலிருந்து ஒதுக்கி, இன்னும் இரண்டடி பின்னே இறக்கினால் படகு மிதந்து தானே விலகும். கயிறு அதைப் பிடித்துக்கொள்ளும். வண்டியை மெல்ல மேலே எடுத்து நிறுத்தி, கயிற்றை அவிழ்த்துக் கரையிலுள்ள முளையில் கட்டிவிட்டால், ட்ரெயிலரை ஒதுக்கி நிறுத்திவிட்டு வருவதற்குள் படகு எங்கும் போகாது. இதில் பலம் தேவைப்பட்ட இடம் எது? கயிற்றின் நீளம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்: படகின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு எனக்குப் போதுமாக இருக்கிறது. மிக நீண்டால் எஞ்சினின் விசிறியில் சுற்றும்.

கரையேற்றுவதுதான் கடினம். வலையை இழுத்துக் கைகள் ஓய்ந்திருக்கும், மீன் கூடையும் நனைந்த வலையுமாகப் படகு கனத்திருக்கும், காலை எட்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து காற்று வேறு கிளம்பியிருக்கும். ட்ரெயிலரை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ஆழம் குறைந்தால் படகின் முழுக்கனமும் வின்ச் மேல் விழும். ஆழம் கூடினால் படகு ட்ரெயிலரின் மேல் குந்தாமல் காற்றுக்கு அங்குமிங்கும் ஆடி, மேலே இழுக்கும்போது கோணலாக உட்கார்ந்துவிடும். படகு உட்காரும் கட்டைகளின் பின்பாதி முழுவதும் முங்கி, முன்முனை மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும் அளவு எனக்குச் சரியாக அமைகிறது. ட்ரெயிலரின் பின்மூலைகள் இரண்டிலும் நான்கடி உயரத்துக்கு இரண்டு பீவிசி குழாய்களை நட்டு வைத்திருக்கிறேன். கலங்கிய செந்நீரில் ட்ரெயிலர் எங்கே கிடக்கிறது என்று காட்டுவதும் அவைதான், காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகை நடுவில் பிடித்து நிறுத்துவதும் அவைதான். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய வேறெந்தப் பொருளும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை.

எஞ்சினை முடுக்கிப் படகை ட்ரெயிலர் மேல் ஏற்றுகிறவர்களையும் பார்க்கிறேன். பார்ப்பதற்கு வீரமாக இருக்கும். ஆனால் விசிறி கிளப்பும் நீர் துறையின் அடிமண்ணை அரித்துக் குழி பறிக்கும். அடுத்த நாள் வருபவரின் ட்ரெயிலர் சில்லு அந்தக் குழியில்தான் விழும். எஞ்சினை நிறுத்திவிட்டு வின்ச்சைச் சுற்றுவதே முறை. சுற்றும்போது படகை இழுக்கும் வின்ச் பட்டிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், பல்சக்கரத்தின் தடுப்பு விழுந்த சத்தம் கேட்காமல் கைப்பிடியை விடக்கூடாது. விட்டால் அது திரும்பிச் சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும். கொக்கியும் சங்கிலியும் பூட்டிய பிறகே வண்டியில் ஏற வேண்டும்.

இங்கே மலைக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து 3,500 அடிக்கு மேல் இருக்கிறது. ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் சாதாரண எஞ்சின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு வலுவை இழக்கும் என்பது கணக்கு. காற்று மெலிவதுதான் காரணம். நீர்கொழும்பில் பறந்த என் படகு இங்கே முனகுகிறது. வண்டிக்கும் அதே கதி. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில், 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியில் படகு விடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். தண்ணீரில் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, சற்று மெதுவாகப் போகும். கரையில்தான் சிக்கல்: நனைந்த படகை மேட்டில் இழுக்கும் நேரத்தில் வண்டிக்கு மூச்சு வாங்கும், ஓட்டுபவர் பதறி முடுக்குவார், சில்லு அதே இடத்தில் சுழன்று மண்ணைத் தோண்டும். என்னுடைய பழைய லேண்ட்ரோவரில் மெதுவான கியர் இருப்பதால் தப்பிக்கிறேன். சிறிய வேனில் இழுத்து வருபவர் என்ன செய்வார்?

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். மேலே சொன்ன ஒழுங்கு எல்லாமே, சில்லு பற்றி நிற்கும் தரை ஒன்று இருந்தால் மட்டுமே செல்லும். நிறைந்த காலத்தில் காசல்ரீயின் கரை சரளையும் கல்லுமாக ஓரளவு உறுதியாகத்தான் இருக்கிறது. மாசியிலிருந்து சித்திரை வரை தண்ணீர் தாழும்போது வெளிப்படுவது, தோட்டங்களிலிருந்து ஆண்டுக்கணக்காக அரித்து வந்து படிந்த செங்களி. மேலே வெயிலில் காய்ந்து வெடித்து உறுதி போலத் தெரியும், அடியில் கூழ். மூன்று ஆண்டுகளுக்கு முன் பங்குனியில் அப்படி ஓரிடத்தை நம்பி இறங்கியபோது, வண்டியின் பின்சில்லுகள் அச்சு வரை புதைந்து, தோட்டத்து ட்ராக்டர் வந்து இழுக்கும்வரை மதியம் முழுவதும் படகோடும் மீனோடும் காத்திருந்தேன். மஸ்கெலியாப் பக்கம் 1969இல் அமைந்த மவுஸ்ஸாக்கலையிலும் இதே நிலைதான். அங்கே தண்ணீர் மிகவும் தாழும்போது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டுத் தலங்கள் வெளித்தெரிவதைப் பார்க்க மக்கள் கூட்டமாக வருகிறார்கள்; பத்திரிகைகளில் படமும் வருகிறது. அதே நாட்களில் படகுக்காரர் தண்ணீரைத் தொடுவதற்குச் சேற்றில் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பது எந்தப் படத்திலும் வருவதில்லை.

படகு இறக்கும் சாய்தளத்துக்கு உகந்த சரிவு, 100 அடி நீளத்துக்கு 12 முதல் 15 அடி இறங்குவது. அதைவிடத் தட்டையாக இருந்தால் படகு மிதப்பதற்குள் வண்டியே தண்ணீரில் நிற்கும். செங்குத்தாக இருந்தால் வண்டி வழுக்கும். இந்தக் கணக்கில், நீர்மட்டம் 30 அடி தாழ்ந்தாலும் பயன்படும் துறை வேண்டுமென்றால், அது ஏறத்தாழ 240 அடி நீளமாவது இருக்க வேண்டும். நிறைந்த நீர்க்கோட்டில் 40 அடி கொங்கிரீட் போட்டுத் திறப்பு விழா நடத்தினால், வருடத்தில் எந்த மாதங்களில் அது தேவையோ அந்த மாதங்களில் அது காய்ந்த மேட்டில் நிற்கும். அதன் கடைசி விளிம்பிலிருந்து ட்ரெயிலர் சில்லு சேற்றுக்குள் விழுந்து, பிறகு மேலே ஏறவும் மறுக்கும். தண்ணீரோடு சேர்ந்து இறங்கும் துறை என்று நான் சொல்வது இதைத்தான்.

240 அடியை ஒரே ஆண்டில் போட வேண்டும் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு வறட்சியிலும் தண்ணீர் விட்டுக்கொடுத்த இடம்வரை, களியை வழித்துக் கருங்கல் அடுக்கி, அதன் மேல் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்குக் கொங்கிரீட் போட்டுக்கொண்டே போகலாம். தோட்டப் பாதைகளுக்குக் கொங்கிரீட் போட்டுப் பழகிய கைகள் இங்கே நிறைய உண்டு. ஆனால் பாதைக்குப் போடுவது போல மேற்பரப்பைத் துடைப்பத்தால் வருடிவிட்டால் போதாது. நீர் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு மாதத்தில் பாசி படிந்துவிடும். ஆகவே ஈரம் காயுமுன் விரல் ஆழத்துக்குச் சாய்வான வரிக்குழிகளை இட வேண்டும், அவை தண்ணீரை இரு ஓரங்களுக்கும் வடிக்கும்படி அமைய வேண்டும். ஓரங்களில் சில்லு வெளியே போகாதபடி அரையடி வரம்பும், 30 அடிக்கு ஒன்றாகக் கயிறு கட்ட இரும்பு வளையமும் வேண்டும். அந்த வளையம்தான் தனியாக வருபவருக்கு இரண்டாவது ஆள். மேலே ஒரு வண்டி ட்ரெயிலரோடு திரும்புமளவு சமதரை இல்லையென்றால் மற்றவை எல்லாம் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் எங்கள் தோட்டப் பாதைகளின் வளைவுகளில் ட்ரெயிலரைத் திருப்புவதென்பது தனி வித்தை.

இத்துறை என்னைப் போன்ற நாலைந்து மீன்பிடிகாரருக்கு மட்டுமானதல்ல. தேக்கத்தில் யாராவது விழுந்து தேட வேண்டி வரும்போது, வெளியிலிருந்து படகைக் கொண்டுவருபவர்களும் இதே சேற்றில்தான் இறக்கியாக வேண்டும். அவர்களுக்கு இந்தக் கரையின் எந்த இடம் புதையும் என்பதும் தெரிந்திராது.

தண்ணீர் இறங்கி, சித்திரை மழை தொடங்குவதற்கு இடையில் வேலை செய்யக் கிடைப்பது சில வாரங்களே என்பதால், அளவெடுப்பதும் அனுமதி பெறுவதும் மார்கழிக்குள் முடிந்திருந்தால்தான் வரும் வறட்சியில் முதல் பகுதியையாவது போட முடியும். பொறுப்பானவர்கள் எவரையேனும் அளவெடுக்க அனுப்பினால், செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் காலை ஐந்தரை மணிக்கு நான் கரையில்தான் இருப்பேன். ட்ரெயிலரை இறக்கி, ஏற்றிக் காட்டுகிறேன். எந்த இடத்தில் தரை புதையும் என்பதை, மாடு மேய்க்கும் அக்கா என்னைவிடத் துல்லியமாகக் காட்டுவார்.

இப்படிக்கு,
காசல்ரீக் கரை வாசகர் ஒருவர்,
நோர்வூட்.